ஹோம் தியேட்டர் ரிசீவர்: அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்குவதால் தங்கள் நாளிதழின் விளம்பரப் பக்கங்களில் ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் (தொலைக்காட்சி முதலியவற்றின் ஒலியைப் பெற்றுப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவிகள்) இடம்பெறத் தொடங்கிவிட்டன. '1,000 வாட்', '9 சேனல்', 'வீடு முழுவதும் இசை' என்ற மூன்று வாசகங்களே பெரும்பாலான விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு இதே வாசகங்களை நம்பி ஒரு ரிசீவரை வாங்கி அல்லல்பட்டவனும்கூட. ஆகையால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடமளித்து வெளியிட வேண்டுகிறேன்.

எங்கள் வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. கூடத்தில் தொலைக்காட்சி, சமையலறையைத் தாண்டினால் பின்னறை, அதில் 86 வயதான என் தாயார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அவரால் கூடத்தில் வந்து நெடுநேரம் உட்கார முடிவதில்லை. மார்கழியில் தொலைக்காட்சியில் வரும் கச்சேரிகளை அவர் கட்டிலில் சாய்ந்தபடியே நல்ல ஒலியில் கேட்க வேண்டும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது கூடத்தில் சரவுண்ட் ஒலியோடு படம் பார்க்க வேண்டும். இந்த இரண்டுதான் எங்கள் தேவை. நகரின் நடுவே உள்ள ஒரு கடையில் இதை விளக்கிச் சொன்னேன். "ஸோன் 2 இருக்கு சார். அம்மா ரூமுக்குத் தனியா ரெண்டு ஸ்பீக்கர் போட்டுடலாம், டிவில ஓடறது அப்படியே அங்கயும் கேக்கும்" என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே, நான் முதலில் நினைத்திருந்த தொகையைவிடக் கூடுதலாகச் செலவழித்து அந்த ரிசீவரை வாங்கினேன்.

சுவரை வெட்டிக் குழாய் பதித்து, பின்னறை வரை ஸ்பீக்கர் ஒயர் இழுத்தோம். முதல் நாள் மாலை கூடத்தில் கச்சேரி அருமையாகக் கேட்டது. பின்னறை ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ரிசீவரில் உள்ள எஃப்.எம். வானொலியைப் போட்டால் 101.4 பின்னறையில் தெளிவாகக் கேட்டது. கைப்பேசியிலிருந்து வைஃபை வழியாக அனுப்பிய பாட்டும் கேட்டது. தொலைக்காட்சியின் ஒலி மட்டும் போய்ச் சேரவில்லை. ஒயரில்தான் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் தேடினார். கடைசியில் ரிசீவர் பக்கத்து இணைப்பைக் கழற்றி, ஒரு டார்ச் செல்லை ஒயரின் இரு முனைகளிலும் தொட்டுப் பார்த்தார். பின்னறையில் ஸ்பீக்கர் 'டப்' என்றது. ஒயரும் நன்றாக இருந்தது, ஸ்பீக்கரும் நன்றாக இருந்தது. பிறகுதான் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டை முதலிலிருந்து படித்தேன். எச்.டி.எம்.ஐ. (படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் இணைப்பு) வழியாகவோ, ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் வழியாகவோ வரும் டிஜிட்டல் ஒலி (எண்களாக மாற்றப்பட்ட ஒலி) ஸோன் 2-க்குச் செல்லாது. அனலாக் இணைப்பில் (ஒலி மின் அலையாகவே வரும் பழைய வகை) வருவதும் வானொலியும் இணையவழி இசையும் மட்டுமே செல்லும் என்று அதன் பின்பகுதியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

இது அந்த ஒரு மாடலின் குறையன்று. டிஜிட்டல் ஒலியைப் பிரித்து அனலாக்காக மாற்றும் சுற்று, விலை குறைந்த ரிசீவர்கள் பலவற்றில் முதன்மை அறைக்கு மட்டுமே இருக்கும். இரண்டாம் அறைக்கும் அது வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தனியாக இன்னொன்றை வைக்க வேண்டும். விலை கூடிய மாடல்களில்தான் வைக்கிறார்கள். தொலைக்காட்சியிலிருந்து அதே எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஏ.ஆர்.சி. என்ற வழியாகத் திரும்பி வரும் ஒலிக்கும் இதே கதிதான். இதைத் தெரிந்து வைத்திருந்த விற்பனையாளர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதைவிட, அவர்களுக்கும் வாங்குபவருக்கும் எதிரில் இருக்கும் அட்டைப்பெட்டியில் இது ஏன் அச்சிடப்படவில்லை என்று கேட்பதே முறை.

எங்கள் வீட்டில் கண்ட தீர்வைச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். செட்-டாப் பாக்ஸின் பின்புறம் சிவப்பு, வெள்ளை நிற அனலாக் இணைப்புகள் இருந்தன. அங்கிருந்து ரிசீவரின் அனலாக் உள்ளீட்டுக்கு ஒரு சாதாரணக் கேபிளைப் போட்டதும் பின்னறையில் கச்சேரி கேட்டது. இணையத்தில் வரும் கச்சேரிகளைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கும்போது இந்த வழி உதவாது. அதற்காக மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி, தொலைக்காட்சியின் ஆப்டிகல் வெளியீட்டில் இணைத்தேன். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பை பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றினால்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும். அப்போது கூடத்துக்கும் இரண்டு சேனல் ஒலிதான் வரும். கச்சேரிக்கு அது போதும். படம் பார்க்கும் நாளில் மாற்றிக்கொள்கிறோம். தொடக்கத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கூடத்துக்கு எச்.டி.எம்.ஐ. வழியாகவும் பின்னறைக்கு அனலாக் வழியாகவும் ஒலி சென்றதால் இரண்டும் ஒரே கணத்தில் ஒலிக்கவில்லை. சமையலறையில் நின்றால் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை விழுந்தது. கூடத்திலும் அதே அனலாக் உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு அது பெரும்பாலும் நீங்கிவிட்டது.

என் தாயாருக்குக் கைப்பேசிச் செயலியைத் தொட்டு ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய வயதும் அன்று. கட்டிலை ஒட்டிய சுவரில் பழைய ரேடியோவில் இருப்பதைப் போல ஒரு வால்யூம் குமிழைப் பொருத்தி, அவருக்குப் பிடித்த அளவு எதுவோ அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறோம். விரலால் தடவியே அந்த இடத்தைக் கண்டுகொள்கிறார். வீடு முழுவதும் இசை என்று விளம்பரம் செய்பவர்கள், அந்த வீட்டில் கைப்பேசியைக் கையாளாத ஒருவரும் இருப்பார் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது சேனல் கணக்கு. 7 சேனல் ரிசீவர் என்றால் அதில் ஸ்பீக்கரை இயக்கும் 7 ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன என்று பொருள். கூடத்தில் 5.1 அமைப்புக்கு ஐந்து செலவாகிவிடும், '.1' என்பது தாழ்ந்த ஒலிகளுக்கான சப்-ஊஃபர், அதற்குப் பெரும்பாலும் சொந்த ஆம்ப்ளிஃபயர் உண்டு. மிஞ்சிய இரண்டைப் பின்னறைக்குக் கொடுத்துவிட்டால், டால்பி அட்மாஸுக்காக மேலிருந்து ஒலிக்க வேண்டிய ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் மிஞ்சாது. இரண்டும் வேண்டுமென்றால் 9 சேனல் தேவை. அல்லது ப்ரீ-அவுட் என்ற வெளியீடு (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) உள்ள ரிசீவரை வாங்கிப் பின்னறைக்குத் தனியாக ஒரு சிறு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது வழியே நல்லது. ரிசீவரின் சுமையும் குறையும், நாளை ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். மூன்று அறை, நான்கு அறை என்று போகிறவர்கள் அத்தனையையும் ஒரே ரிசீவரின் தலையில் கட்டவே கூடாது. ஆனால் விளம்பரமோ 5.1.2 அட்மாஸ் (5.1-உடன் மேலிருந்து ஒலிக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள்) என்றும் இரண்டாம் அறை என்றும் அடுத்தடுத்த வரிகளில் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

வாட் கணக்குக்கு வருகிறேன். பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச மின்திறன்) என்ற பெயரில் கைக்கு அடக்கமான டேப்-ரிக்கார்டரின் மேலெல்லாம் ஆயிரக்கணக்கான வாட் என்று ஒட்டியிருந்த காலத்தை நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயர் இப்போது குறைந்துவிட்டது, பழக்கம் குறையவில்லை. ஒரே ரிசீவரை 6 ஓம் சுமையில் (ஸ்பீக்கரின் மின்தடை), ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஒலியில், 10 விழுக்காடு சிதைவு வரை அனுமதித்து அளந்தால் பெரிய எண் கிடைக்கும். அதையே 8 ஓம் சுமையில், இரண்டு சேனல்களை இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுவதும், 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான சிதைவில் அளந்தால் எண் வெகுவாக இறங்கிவிடும். இரண்டும் ஒரே கருவிதான். பத்து விழுக்காடு சிதைவு என்பது யார் காதுக்கும் கரகரப்பாகத் தெரியும். அந்த நிலையில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

இதற்கும் மேலே ஒன்று. மின்திறனை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. டெசிபல் என்ற அளவே தொலைபேசிக் கம்பியில் ஏற்படும் இழப்பைக் கணக்கிடப் பிறந்தது என்பதால் எங்கள் துறையில் இது பாலபாடம். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது மின்திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே கேட்டு உணரும்படியான வேறுபாடு கிடையாது. 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் சத்தம் தரும். பன்னிரண்டுக்குப் பதினாறு அடிக் கூடத்தில் நாம் அன்றாடம் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஒரு வாட்டை ஒட்டியே இருக்கும். கடைக்காரர் 20 வாட் கூடுதல் என்று சொல்லிக் கேட்கும் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் பலன் உண்டு. குறிப்பாக நடு ஸ்பீக்கரில் போடலாம். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. வசனம் புரியவில்லை, பாட்டு வந்தால் காது கிழிகிறது என்று குறைப்படுகிறவர்கள் ரிசீவரின் அமைப்பில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்திப் பார்க்கட்டும்.

சென்னை வீடுகளுக்கென்று சில செய்திகள் உண்டு; இவை எந்தக் கையேட்டிலும் இருப்பதில்லை. நம் கூடங்களில் தரையில் வழவழப்பான டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம், நான்கு பக்கமும் சிமெண்ட் பூசிய செங்கல் சுவர். கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டினால், அந்த ஒலி உடனே அடங்காமல் 'ரிர்ர்' என்று அதிர்ந்து ஓடுவதைக் கேட்கலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிசீவராக இருந்தாலும் அந்த அதிர்வின் மேல்தான் பாட வேண்டும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையே ஒரு கனமான பவானி ஜமுக்காளம், சன்னலுக்கு மடிப்பு நிறைந்த பருத்தித் திரை, ஒரு சுவரில் புத்தக அலமாரி ஆகியவற்றை எங்கள் வீட்டில் வைத்த பிறகு, பாடகரின் குரலில் 'ச', 'ஷ' எழுத்துகள் கூர்மையாகக் குத்துவது நின்றது. தாழ்ந்த ஒலிகளுக்கு இவை உதவா. அதற்கு சப்-ஊஃபரை அறையின் மூலையிலிருந்து சற்று நகர்த்திப் பார்ப்பதே வழி. ரிசீவரோடு தரும் மைக்கை வைத்து அறையை அளக்கும் வசதி ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் ரிசீவரிலும் இருக்கிறது. யமஹாவில் அது ஒய்பாவோ, டெனான், மரான்ட்ஸ் இரண்டிலும் ஆடிசி, ஆன்கியோவின் அண்மை மாடல்களில் டிராக் லைவ். எதுவானாலும் அளக்கும்போது மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட வேண்டும். மைக்கைச் சோபாவின் மேல் போடாமல், உட்காருபவரின் காது உயரத்தில் ஒரு தாங்கியில் வைக்க வேண்டும்.

மின்விசிறியைப் பற்றி இன்னொன்று. மேற்கூரையில் ஸ்பீக்கர் பதிக்க வழியில்லாதவர்களுக்கு, மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் அட்மாஸ் ஸ்பீக்கர்களைப் பரிந்துரைக்கிறார்கள். அவற்றுக்குக் கூரை சமதளமாக இருக்க வேண்டும். நம் பத்தடி உயரக் கூரை அதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் ஒலி பட்டுத் திரும்ப வேண்டிய வழியில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் பலன் கெடும். சென்னையில் எட்டு மாதம் மின்விசிறி இல்லாமல் யார் படம் பார்க்க முடியும்? இப்படிப்பட்ட கூடங்களுக்கு நல்ல 5.1 அமைப்பே போதும் என்பது என் கருத்து.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. ரிசீவர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. தச்சர் செய்து கொடுத்த தொலைக்காட்சி அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேலே செட்-டாப் பாக்ஸையும் ஏற்றி வைத்து மே மாதத்தில் ஓட்டினால் அதன் ஆயுள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே குறைந்தது அரையடி இடம் விட்டு, பின்பக்கம் திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு முனை பச்சை பூத்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இணைப்பது நல்லது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சப்-ஊஃபரின் ஒலி காற்றில் போவதைவிட உத்தரத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்கு எளிதில் இறங்கிவிடும். ரிசீவர்களில் இரவுநேர அமைப்பு என்று ஒன்று உண்டு. பெரிய சத்தத்தை அமுக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தித் தரும். அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

வைஃபை வழியாகப் பல அறைகளில் இசை கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யமஹாவின் மியூசிக்காஸ்ட் முறையும், டெனான், மரான்ட்ஸ் இரண்டும் பயன்படுத்தும் ஹியோஸ் முறையும் ஒன்றோடொன்று சேராதவை. ஒரு முறையில் ரிசீவரை வாங்கி, பிறகு தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வேறு முறையைச் சேர்ந்த ஸ்பீக்கரைப் படுக்கையறைக்கு வாங்கினால், இரண்டையும் ஒரே செயலியில் சேர்த்து ஒரே பாட்டைப் பாட வைக்க முடியாது. இரண்டிலும் ஆப்பிளின் ஏர்ப்ளே 2 போன்ற பொதுவான முறை இருந்தால் தப்பிக்கலாம். கான்கிரீட் சுவர்களைத் தாண்டும்போது வைஃபை தளர்ந்துவிடும் என்பதால், வீடு கட்டுகிறவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வோர் அறைக்கும் ஒரு நெட்வொர்க் கேபிளும் ஸ்பீக்கர் ஒயரும் போகும்படி குழாய் பதித்துவிட வேண்டும். பிற்பாடு சுவரை வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவரப்பட்ட ரிசீவர்கள் இங்கே விலை குறைவாகக் கிடைக்கின்றன. அமெரிக்கச் சந்தைக்கானவை 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அந்த நொடியே பாழ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்றாலும், இந்தியாவில் உத்தரவாதம் கிடைக்காது. பில் இல்லாமல் வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்காடுவதும் கடினம்.

இப்போது என் கோரிக்கை. குளிர்பதனப் பெட்டியையும் ஏ.சி.யையும் வாங்குபவர் 2006 முதல் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குகிறார். எந்த நிறுவனம் செய்தாலும் அளக்கும் முறை ஒன்றே. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயரின் வாட்டை எந்தச் சுமையில், எந்த அதிர்வெண் எல்லையில், எவ்வளவு சிதைவில் அளந்தார்கள் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதி 1974 முதல் இருக்கிறது; 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று ஒரே சீராக்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ரிசீவரின் அட்டைப்பெட்டியில் அதிகபட்ச விலையும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கும் பக்கத்திலேயே இன்னும் மூன்று வரிகளை அச்சிட வைக்க வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான முறையில் அளந்த வாட் முதல் வரி. ஒரே நேரத்தில் எத்தனை சேனல்கள், எத்தனை அறைகள் இயங்கும் என்பது இரண்டாவது. எந்தெந்த உள்ளீடுகளின் ஒலி இரண்டாம் அறைக்குப் போகும் என்பது மூன்றாவது. தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் இவை தமிழிலும் இருக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளிச் சிறப்புப் பக்கங்களில் இக்கருவிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, நிறுவனம் தரும் விவரக் குறிப்பை அப்படியே அச்சிடாமல் மேற்சொன்ன மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வாசகர்கள் ரிசீவரை வாங்குமுன் தங்கள் செட்-டாப் பாக்ஸையோ கைப்பேசியையோ கடைக்கு எடுத்துச் சென்று எச்.டி.எம்.ஐ.யில் இணைத்து, ஸோன் 2-இல் மாட்டிய ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா என்று காதால் கேட்ட பிறகே பணம் கொடுக்கட்டும். கடையில் அதற்கு மறுத்தால் வேறு கடைக்குப் போகலாம். சொன்னதற்கு மாறான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லின் பின்புறத்தில் 'டிவி ஒலி இரண்டாம் அறையில் கேட்கும்' என்று விற்பனையாளரிடமே எழுதி, கையொப்பத்தோடு கடை முத்திரையும் வாங்கி வைத்திருந்தால் அந்தப் புகாருக்கு வலு கூடும். நான் வாங்கத் தவறியது அந்த ஒரு வரியைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நங்கநல்லூர், சென்னை.